கியர் சைக்கிளின் வயசு

அப்பா போன பிறகு அவர் பொருள் என்று எதையும் நான் கேட்கவில்லை. அம்பத்தூர் வீட்டை இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது என்று முடிவானபோது, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த கியர் சைக்கிளை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். அம்மாவும் தம்பியும்தான் அந்த வீட்டில் இருக்கிறார்கள். தம்பிக்கு ஆவடியில் லாரி உதிரிபாகக் கடையில் வேலை. “பழைய இரும்புக்காரனே அத தூக்க யோசிப்பாண்ணா” என்றான். சொன்னானே தவிர, அடுத்த ஞாயிற்றுக்கிழமை கடை வேனில் போட்டுப் பட்டாபிராமில் என் ஃப்ளாட் வரைக்கும் அவனே கொண்டுவந்து இறக்கினான்.

இறக்கி வைத்ததும் அது நிற்கவில்லை, சாய்ந்தது. செயின் ஒரே கட்டியாக இறுகிப் போயிருந்தது. டயர் இரண்டும் வெடித்து நூல் தெரிந்தது. சீட்டின் தோலை அணில் பிய்த்துக்கொண்டு போயிருந்தது. மேலே சாம்பல் நிறப் பெயிண்ட், அது உரிந்த இடங்களில் பச்சை, பச்சை உரிந்த இடங்களில் துரு. என் மனைவி கார் நிறுத்துமிடம் வரை இறங்கி வந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். “ஏங்க, இது உங்களைவிட மோசமா இருக்கே” என்றாள். நான் சிரிக்கவில்லை. அந்த வண்டி விஷயத்தில் எனக்குக் கேலி பிடிக்காது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு மெஷின் ஷாப்பில் லேத் ஓட்டியவர். எங்கள் சின்ன வயதில் பாதி நாள் அவருக்கு நைட் ஷிஃப்ட். நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார், வாயைத் திறந்தால் அம்மா கண்ணை உருட்டுவாள். விழித்திருக்கும்போதும் பேசுகிற மனிதர் இல்லை. ‘சாப்பிட்டியா’, ‘கரண்ட் ஆஃப் பண்ணு’, ‘ரேங்க் எவ்ளோ’, அவ்வளவுதான். நான் ப்ளஸ் டூ முடித்துக் கோயம்புத்தூருக்குப் படிக்கப் போனேன், அங்கிருந்து வேலைக்குப் புனே போனேன். திரும்பி வந்தபோது அவர் இன்னும் குறைவாகப் பேசுகிறவராக ஆகியிருந்தார். அவர் என்னோடு மூச்சு விடாமல் பேசியது என்று என் கையில் இருப்பது ஒரே ஒரு சாயங்காலம்தான்.

அந்தச் சாயங்காலம் இப்படி. அப்பா புது கியர் சைக்கிள் வாங்கி வந்திருக்கிறார். பச்சை வண்டி. அம்பத்தூர் ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய் என்னை ஏற்றிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே ஓடிவருகிறார். ஓடிக்கொண்டே பேசுகிறார். “லேத்துல நடக்கிறதுதான்டா இது. பெரிய பல்லு, சின்னப் பல்லு. மேடு வந்தா வேகத்த குடுத்துட்டு பலத்த வாங்கிக்கணும். எறக்கம் வந்தா பலத்த குடுத்துட்டு வேகத்த வாங்கிக்கணும். ரெண்டயும் ஒண்ணா கேட்டா எந்த மிஷினும் தராது.” பிறகு மூச்சு வாங்கக் கரையில் உட்கார்ந்து, தரையில் குச்சியால் இரண்டு வட்டம் போட்டு, பல் எண்ணிக்கையை வகுத்துக் காட்டுகிறார். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. எனக்கு ப்ளஸ் டூ. பாடத்தில் படித்தது அப்போதுதான் எனக்குப் புரிகிறது.

இதை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னேன். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்கும்போது சொல்வேன். அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்தன்று, சாப்பாடு முடிந்து சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாகப் பேசிக்கொண்டிருந்தபோது, நானும் இதைத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் உடைந்துபோய் அழுதுவிட்டேன். பெரியப்பா முதுகைத் தட்டிக்கொடுத்தார். தம்பி தண்ணீர் ஜக்கோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு அடுத்தவர் டம்ளருக்கு ஊற்றப் போய்விட்டான்.

ஆக, இது துருப்பிடித்த சைக்கிள் இல்லை, அப்பாவோடு நான் இருந்த நேரம். அதைத்தான் வேனில் ஏற்றிக்கொண்டு வந்து வைத்திருந்தேன்.

சனி, ஞாயிறுகளில் வேலையை ஆரம்பித்தேன். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். அசையாத திருகுகளுக்கு எண்ணெய் விட்டு ஒரு வாரம் காத்திருந்தேன். பெடல் அச்சைத் திறந்தபோது பால்ரஸ் குண்டுகள் கரிய பசையில் புதைந்து கிடந்தன, பாதி தேய்ந்து கோணலாக இருந்தன. சக்கரங்களை மட்டும் நெமிலிச்சேரி கடையில் கொடுத்துக் கோட்டம் எடுத்து வாங்கினேன். மற்றதெல்லாம் நானே. எனக்கு வராத வேலையை வரும் என்று சாதிப்பதில் ஒரு சுகம் உண்டு. மனைவி காபி கொண்டுவந்து தருவாள், என் விரல் நகங்களைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

பழைய பாகங்கள் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கப் போய்த்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பழைய சைக்கிள் பிரியர்களின் குழு ஒன்று போனில் இருக்கிறது. படங்களைப் போட்டு, நான் ப்ளஸ் டூ படித்த வருஷத்து வண்டி, அதற்கேற்ற கியர் கேபிளும் பிரேக் கட்டையும் வேண்டும் என்று எழுதினேன். ஒருவர் மரியாதையாகவே பதில் போட்டார்: “சார், இந்த மாடல் கியர் அந்த வருஷம் வரவே இல்லை. மூணு, நாலு வருஷம் பிந்தினதா இருக்கும். பின் சக்கர கியரைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள், ரெண்டு எழுத்து அடித்திருக்கும். முதல் எழுத்து வருஷம், ரெண்டாவது மாசம்.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் வண்டியின் வயசை எனக்கே சொல்ல இவர் யார்? கழற்றிப் பார்த்தேன். பல் துலக்கும் பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்ததும் இரண்டு எழுத்து பளிச்சென்று தெரிந்தது. குழுவில் கொடுத்திருந்த அட்டவணையில் வைத்துப் பார்த்தேன். நான் கோயம்புத்தூரில் மூன்றாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்த வருஷம்.

வருஷத்துக்கு ஒரு எழுத்து என்று போய், எழுத்து முழுவதும் தீர்ந்ததும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். அதைப் பிடித்துக்கொண்டேன். முந்தைய சுற்றாக இருக்கலாமே என்று கணக்குப் போட்டால், வண்டி நான் பிறப்பதற்கும் முன்னால் போய் நின்றது. சரி, அந்தப் பாகத்தை மட்டும் அப்பா பின்னால் மாற்றியிருப்பார் என்று முடிவு கட்டினேன். அப்பாவுக்குக் கழற்றி மாட்டுவது பழக்கம்தானே? அதனால் பிரேக் பிடியைக் கழற்றினேன், முன் கியரைக் கழற்றினேன், பெடல் தண்டின் பின்பக்கத்தைத் தேய்த்தேன். எல்லாவற்றிலும் அதே வருஷத்தின் எழுத்து. மாதம் மட்டும் ஒன்றிரண்டு முன்னே பின்னே. ஒரே சமயத்தில் தயாராகி ஒரே வண்டியில் பூட்டப்பட்டவை.

அம்மாவுக்குப் போன் போட்டேன். நூல் விட்டுத்தான் பார்த்தேன். “அம்மா, அந்த கியர் சைக்கிள் பழசா வாங்குனதா, புதுசா?”

“புதுசுதான்டா. உடம்பு முழுக்க காக்கி பேப்பர் சுத்தி வந்துச்சு. அந்தப் பேப்பரத்தான் அலமாரில விரிச்சேன், ரொம்ப நாள் இருந்துச்சே.”

“எந்த வருஷம்?”

“மாடி ரூம் கட்டுனோமே, அப்போ.”

மாடி அறை கட்டிய கதை எனக்குத் தெரியும். மணல் இருந்தால் கொத்தனார் இருக்க மாட்டார், கொத்தனார் இருந்தால் சிமெண்ட் இருக்காது. ஆரம்பித்து முடிக்க ஒரு மாமாங்கம் ஆனது. “யாருக்கு வாங்குனாரும்மா?” என்றேன். “யாருக்கு வாங்குவாரு? வீட்டுக்குத்தான்” என்றாள் அம்மா. அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று போனை வைத்துவிட்டாள்.

கடைசியாக ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. சைக்கிளின் உடம்பிலேயே, பெடல் அச்சு ஓடுகிற குழாயின் அடியில், கம்பெனி எண் குத்தியிருப்பார்களாம். அதைப் பார்க்க வேண்டுமானால் பெயிண்டைச் சுரண்ட வேண்டும். எங்கள் வீட்டுப் பொருளில் பெயிண்டைச் சுரண்டுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. எஸ்டேட்டில் ஆயுத பூஜைக்கு முன்னால் எல்லா மெஷினுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். டப்பாவின் அடியில் மிஞ்சியதைத் தொழிலாளிகள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். மெஷின் என்ன நிறமோ அந்த நிறத்தில் அந்தந்த வீட்டுக் கேட், ஜன்னல் கம்பி, இரும்புக் கட்டில், சைக்கிள் எல்லாம் மாறும். எங்கள் தெருவில் கேட்டின் நிறத்தைப் பார்த்தே யார் எந்தக் கம்பெனி என்று சொல்லிவிடலாம். அப்பாவின் ஷாப்பில் ரொம்ப காலம் பச்சை, அப்புறம் சாம்பல். இந்த வண்டிமேல் இரண்டையும் கை ஓயாமல் பூசி வைத்திருந்தார்.

பெயிண்ட் ரிமூவர் தடவி, அது பொங்கி வந்ததும் தகடால் வழித்தேன். சாம்பல் போனது. பச்சை தடிமனாக, தோல் மாதிரி சுருண்டு வந்தது. அடியில் குத்தியிருந்த எண்ணைத் துரு தின்றிருந்தது, நடுவில் இரண்டு இலக்கம்தான் மிச்சம். அதை வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. எனக்கு அப்படியொரு நிம்மதி. பச்சைக்குக் கீழே சிவப்பாக ஒன்று தெரிந்தது. அப்பா எந்த இரும்புக்கும் முதல் பூச்சாக ரெட் ஆக்சைடு அடிக்காமல் மேல் பூச்சு அடிக்க மாட்டார். கட்டில், கேட், எதைச் சுரண்டினாலும் கடைசியில் அந்தச் சிவப்புதான் வரும். இதுவும் அதுதான் என்று மேற்கொண்டு பார்க்காமல் துடைத்து வைத்தேன்.

அடுத்த ஞாயிறு தம்பி வந்தான். முன் சக்கரம் பூட்ட இன்னும் இரண்டு கை வேண்டியிருந்தது. தவிர, எழுத்து விஷயம் என் மனசை அரித்துக்கொண்டிருந்தது. ஆனால் அதை அவனிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவன் வந்ததும் வண்டியைத் தலைகீழாக வைத்துவிட்டு மிச்சப் பெயிண்டைச் சுரண்ட உட்கார்ந்தான். சீட்டுக்கு முன்னால் போகிற பெரிய குழாயில் ரிமூவர் தடவி, பொங்கியதை வழித்து, பழைய துணியால் ஒரு இழுப்பு இழுத்தான். பச்சை மொத்தமாகக் கழன்றது. கீழே பளபளவென்று சிவப்பு, அதன் நடுவே மஞ்சளில் ஒரு கோடு, கோட்டின் முனையில் பாதி அழிந்த ஸ்டிக்கர். ரெட் ஆக்சைடு பளபளக்காது. அதில் மஞ்சள் கோடும் இருக்காது.

“இன்னா கலருண்ணா இது” என்றான் தம்பி. அவன் முகமே மாறிவிட்டது. உள்ளங்கையால் அந்தக் குழாயைத் தடவினான். “பேப்பர பிரிச்சப்போ அம்மா கண்ணு கூசுதுன்னு சொல்லிச்சு. ஏரிக்கரைல வெயில்ல எப்பிடி மின்னுச்சு தெரியுமா? அப்பா ஓடியாந்துகினே...”

சட்டென்று நிறுத்திக்கொண்டான். துணியை எடுத்து வேறு இடத்தைத் துடைக்க ஆரம்பித்தான்.

“சிவப்பு வண்டியா அன்னிக்கு?” என்றேன்.

“நீயும் பாத்துருப்பண்ணா. மறந்துருக்கும்.”

“நான் பச்சைதான்டா பாத்திருக்கேன். என் கண்ணு முன்னால நிக்கிறது பச்சை வண்டி.”

அவன் தகடை எடுத்து ஓரத்தைச் சுரண்டினான். “இத எப்போ பச்சையாக்குனாரு?” என்று கேட்டேன்.

“வாங்கி ரெண்டு மாசத்துல. ஆயுத பூஜைக்கு. செவப்பா மின்னிகினு கெடந்தா டேசன் சைக்கிள் ஸ்டாண்டுல எவனாவது அட்ச்சிகினு பூடுவான்னு சொல்லி ஃபுல்லா பச்சை அட்ச்சிட்டாரு. நான் அழுதேன்.”

அதற்குமேல் எனக்கு எழுத்தும் அட்டவணையும் தேவைப்படவில்லை. மூன்றாம் ஆண்டில் நான் தீபாவளிக்குத்தான் ஊருக்கு வந்தேன், ஆயுத பூஜை கழிந்த பிறகு. வாசலில் நின்றது பச்சை வண்டி. அந்த விடுமுறையில் அதை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன், ஏரிக்கரையிலும் சுற்றியிருக்கிறேன். ஆனால் பக்கத்தில் யாரும் ஓடிவரவில்லை. அதற்குள் அப்பா ஓடி முடித்திருந்தார், தம்பிக்காக. அவன் அதை எனக்குப் போனில் சொல்லியிருக்கிறான். ஹாஸ்டல் வராந்தாவில் ரிசீவரைக் காதில் வைத்து நின்று கேட்டவன்தான் நான். கேட்டதைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு, அவனை இறக்கிவிட்டு நான் ஏறி, எனக்கொரு வயசும் வகுப்பும் போட்டுக்கொண்டுவிட்டேன். பொய் சொல்கிறோம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இன்றைக்கும் கண்ணை மூடினால் அப்பாவின் முதுகில் ஒட்டிய சட்டை எனக்குத் தெரிகிறது.

வெட்கமாக இருந்தது. அதைவிட, யாரோ என் சட்டைப்பையில் கைவிட்டு இருந்த ஒன்றையும் எடுத்துக்கொண்டு போனது போல இருந்தது. தம்பிமேல்தான் கோபம் வந்தது, அநியாயமாக.

“உனக்குத் தெரியும்ல? காரியத்தன்னிக்கு அத்தனை பேர் முன்னால சொன்னேனே, அப்பவே சொல்றதுக்கு என்ன?”

“நீ எப்பத்துலேர்ந்தோ சொல்லிகினுதான கீற.”

“அதான் கேக்கிறேன், ஏன் விட்ட?”

அவன் துணியை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். “நீ போனப்புறம் அப்பாக்கு ஜெனரல் ஷிஃப்ட்டு ஆயிருச்சுண்ணா. தெனம் சாயங்காலம் ஊட்லதான். சினிமாக்கு கூட்டினு போயிருக்காரு. ஷாப்புக்கு கூட்டினு போய் லேத்த தொட வுட்ருக்காரு. கடைசில ஆஸ்பத்திரிலயும் நான்தான் கூட இருந்தேன். என்கிட்ட அப்பா நெறய கீறாரு. உன்கிட்ட இது ஒண்ணுதான்னு தெரியும். அத புடுங்கி நான் இன்னா பண்ணப் போறேன்? வெச்சிக்கட்டும்னு வுட்டேன்.”

நான் எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினேன். திரும்ப வந்தபோதும் கண்ணீர் நிற்கவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“அன்னிக்கு என்ன நடந்துதுன்னு முதல்லேர்ந்து சொல்லுடா. உனக்கு நடந்ததா சொல்லு.”

அவன் துணியைக் கீழே வைத்தான். பிறகு சொன்னான். எனக்குத் தெரிந்ததுதான் பெரும்பாலும்: லுங்கி, குச்சி, வட்டம், பல் கணக்கு. கொஞ்சம் தெரியாததும் இருந்தது. அவன் இருமுறை விழுந்திருக்கிறான். அப்பா கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார். கணக்கு அவனுக்குப் புரியவே இல்லையாம், தலையை மட்டும் ஆட்டியிருக்கிறான். கேட்கக் கேட்க அது என்னிடமிருந்து அவன் பக்கம் நகர்ந்து போவது எனக்கே தெரிந்தது. வலித்தது. ஆனால் போதும் என்று சொல்ல முடியவில்லை.

“வர்ற வழில எஸ்.டி.டி. பூத்து வந்துச்சு” என்றான். “அப்பாதான் வண்டிய நிறுத்த சொன்னாரு. அண்ணனுக்கு போன் போட்டு சொல்லுன்னாரு. நீங்களே பேசுங்கப்பான்னேன். வாணாம், நீ பேசு, நான் வண்டிய புட்ச்சிக்கறேன், வெளிய வெச்சா எவனாவது தூக்கினு பூடுவான்னாரு. நான் பேசி முடிக்கிற வரிக்கும் கண்ணாடிக்கு அந்தாண்ட ஹேண்டில்பார புட்ச்சிகினு என்னயே பாத்துகினு நின்னாரு.”

எனக்கு அந்தப் போன் ஞாபகம் இருக்கிறது. தம்பி வழக்கத்தைவிட வேகமாக, இடைவெளி விடாமல், ஒப்பிப்பதைப் போலப் பேசினான். புது வண்டி சந்தோஷத்தில் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். அப்பா பக்கத்தில் இருக்கிறாரா என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை.

“அவர் ஒண்ணும் சொல்லலையா?” என்றேன்.

“வெளிய வந்ததும் ஒண்ணே ஒண்ணு கேட்டாரு. ‘கியர் கணக்க அவனுக்கு சொன்னியா? அவனுக்குப் புரியும்’னாரு.” தம்பி என்னை நிமிர்ந்து பார்த்தான். “எனக்குத்தான் ஒண்ணும் வெளங்கல. ஆனா அவரு சொன்னத ஒரு வார்த்த வுடாம உனக்கு சொல்லிட்டேன்ணா.”